மாவுப்பூச்சியும் அதன் பகையும்

தமிழ்ச் சிறப்பு வகுப்பு மாணவர் ஒருவர் பூச்சிகளைப் பற்றிக் கட்டுரை வரையப் புகுவது நம் கல்லூரி விலங்கியல் வகுப்பினர்க்கு நகை விளைத்தல் கூடும். ஆயினும் இப்பொருளை யான் தேடிச் சென்றேனல்லேன். எங்கள் வீட்டுப் பரணிற் கிடந்த பழைய கணக்கேடு ஒன்றன் வழியாக அது என்னைத் தேடி வந்தது. ஆவடியை அடுத்த சேக்காட்டில் எங்கள் இல்லம். என் பாட்டனார் பிறர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பயிர்செய்து, விளைந்ததைக் கோயம்பேட்டுச் சந்தைக்கு அனுப்பிக் குடும்பம் நடத்தியவர். அவர் கைப்பட எழுதிய அவ்வேட்டில், 2009ஆம் ஆண்டுப் பக்கங்களில், ‘மருந்து’ என்னும் சொல் ஐந்து இடங்களில் வருகின்றது. ஒவ்வொன்றற்கும் எதிரே செலவுத்தொகை உண்டு. வரவுப் பக்கம் பாதிக்குமேல் வெறுமையாகக் கிடக்கின்றது. ஆறாவது இடத்தில் ‘வெட்டியாயிற்று’ என்று மட்டும் எழுதிக் கோடு கிழித்து முடித்திருக்கின்றார்.

வெட்டப்பட்டது ஒன்றரை ஏக்கர்ப் பப்பாளித் தோட்டம். நிகழ்ந்தது யாதென அவரை வினவினேன். அவர் சற்று நேரம் பேசாதிருந்து, பின்பு கூறியது இது: “முதலில் இலைக்கு அடியில் பஞ்சு ஒட்டினாற்போல் இருந்தது. பத்து நாளில் குருத்து, காம்பு, காய் எல்லாம் சுண்ணாம்பு பூசினதுபோல் ஆகிவிட்டது. காயைத் தொட்டால் பிசுபிசுக்கும். அதன்மேல் கரி படிந்துவிடும். மருந்துக் கடைக்காரர் முதலில் பூஞ்சணம் என்றார். மறுமுறை, ‘பெரியவரே, இது பூச்சிதான், இன்னும் கடுமையானது தருகிறேன்’ என்றார். அடித்த மறுநாள் பெரிய பெரிய வெள்ளைப் புழுக்கள் செத்துக் கீழே கொட்டிக் கிடக்கும். தாய்ப்பூச்சி செத்தது, இனிக் குஞ்சும் சாகும் என்று நம்பினேன், கண்ணு. குஞ்சு சாகவே இல்லை.”

அந்தப் பெரிய வெள்ளைப் புழுக்கள் யாவை என்னும் வினாவே என்னை நூலகத்திற்கும், பின்பு விலங்கியல் ஆய்வறைக்கும் இழுத்துச் சென்றது. விடையை இப்பொழுதே கூறிவிடுகின்றேன். அவை தாய்ப்பூச்சிகள் அல்ல. அத்தோட்டத்தில் என் பாட்டனாருக்காகக் கூலியின்றி உழைத்துக்கொண்டிருந்த நண்பர்கள். பகையை அழிக்கப் புகுந்தவர், ஐந்து முறை பணங்கொடுத்து அழித்தது பெரும்பாலும் நட்பையே.

நிற்க, பகை இன்னதெனக் காண்போம். அது பப்பாளி மாவுப்பூச்சி. பூச்சி நூலார் அதனைப் பாராகாக்கஸ் மார்ஜினேட்டஸ் என்பர். மெக்சிகோவும் அதனைச் சார்ந்த மத்திய அமெரிக்க நாடுகளும் அதன் தாயகம். ஆண்டாண்டாய் அங்கு வாழ்ந்தும் பெருங்கேடு விளைக்காமையால் ஒருவரும் அதனைப் பொருட்படுத்தவில்லை. 1992ஆம் ஆண்டிலேதான் அதற்கு அறிவியற்பெயர் இடப்பெற்றது. பின்னர்க் கரிபியத் தீவுகளிற் பரவி, 1998இல் புளோரிடாவை அடைந்து, பசிபிக் தீவுகள் சிலவற்றிற் புகுந்து, 2008இல் கோயம்புத்தூரில் காணப்பட்டது. அங்கு அதனைக் கண்டு இன்னதென்று உலகிற்கு அறிவித்தவருள் ஒருவர், அமெரிக்காவின் வர்ஜீனியா டெக் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பூச்சியியலறிஞர் முனியப்பன். இரண்டாண்டுகளுக்குள் கொங்கு நாட்டிற் பப்பாளியோடு நில்லாது மரவள்ளி, பருத்தி, மல்பெரி ஆகியவற்றையும் அது பற்றியது. மல்பெரி இலை கெட்டமையாற் பட்டுப்புழு வளர்ப்போர் புழுக்களுக்கு உணவின்றித் தவித்தனர். கத்தரி, கொய்யா, செம்பருத்தி, சாலையோரத்துப் பார்த்தீனியக் களை ஆகியவும் அதற்கு விருந்தே.

மாவுப்பூச்சி என்பது ஓர் உயிரின் பெயரன்று, ஒரு குடும்பத்தின் பெயர். வெண்மெழுகுத் துகள் உடலிற் போர்த்திருத்தலால் எல்லாம் தொலைவிலிருந்து ஒன்றுபோலத் தோன்றும். அருகிற் சென்று கைக்கண்ணாடியால் நோக்குவார்க்கோ வேற்றுமை விளங்கும். வாற்புறத்தில் இரண்டு நீண்ட மெழுகிழைகள் தொங்கினால் அது வால் மாவுப்பூச்சி. முதுகில் மாவு விலகிக் கரும்புள்ளிகள் தோன்றினால் பருத்தி மாவுப்பூச்சி. மாவை மெல்ல நீக்கியவழி உடல் மஞ்சளாகவும், விளிம்பைச் சுற்றிலுமுள்ள இழைகள் உடல் நீளத்திற் காற்பங்கினும் குறைந்து குட்டையாகவும் இருப்பின் பப்பாளி மாவுப்பூச்சி எனக் கருத இடமுண்டு. வளர்ந்த பெண்பூச்சி இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்றே மேற்பட்டது. இவை எல்லாவற்றினும் எனக்கு வியப்பளித்த அடையாளம் ஒன்றுண்டு: அதனைச் சாராயத்தில் இட்டு வைத்தால் மஞ்சள் உடல் நீலங்கலந்த கருமையாக மாறிவிடும். ஐயமற்ற முடிவு உருப்பெருக்கிக் கண்ணாடியின்கீழ் வைத்து ஆராயும் வல்லுநர்க்கே உரியதாயினும், ஒரு சிறு குப்பியும் சிறிது சாராயமும் உள்ள எவரும் இச்சோதனையைச் செய்து பார்க்கலாம்.

இனி அந்த வெள்ளைப் புழுக்களைப் பற்றிக் கூறுவேன். அவை கிரிப்டோலீமஸ் என்னும் பொறிவண்டின் இளம்பருவம். கரிய முதுகும் செம்மஞ்சள் தலையும் உடைய இச்சிறு வண்டு ஆஸ்திரேலியாவிலிருந்து 1898இல், காப்பிச் செடியைத் தாக்கிய பச்சைச் செதிற்பூச்சியை ஒழிக்கத் தென்னாட்டிற்குக் கொணரப்பட்டது. கொணர்ந்த நோக்கம் நன்கு நிறைவேறவில்லை. வண்டோ இங்கேயே குடியேறி, மாவுப்பூச்சிகளைத் தின்று வாழக் கற்றுக்கொண்டது. அதன் புழுவும் உடலெங்கும் வெண்மெழுகு இழைகளைப் போர்த்திக்கொண்டு, தான் தின்னும் இரையின் வேடத்திலேயே திரியும். உழவர் கண்ணுக்கு அது மாவுப்பூச்சியின் தாய்போலத் தோன்றுதல் இயல்பே. வேற்றுமை அறிதல் அரிதன்று. புழு ஒரு செண்டிமீட்டருக்கு மேலும் வளரும். மாவுப்பூச்சி அத்துணைப் பெரிதாகாது. புல்லால் தீண்டினால் புழு விரைந்தோடும்; மாவுப்பூச்சி தன் ஊசிபோன்ற வாயைச் செடியிற் செருகியிருத்தலின் அசையச் சோம்பும். ஆனால், இத்துணை நேரம் குனிந்து நோக்கும் பொறுமை, குத்தகைப் பணத்திற்குத் தவணை நெருங்கும் காலத்தில் ஒருவர்க்கு எங்ஙனம் வரும்?

இவ்வேடதாரிகளுள் மற்றொன்றும் உண்டு. ஸ்பால்ஜிஸ் எபியஸ் என்னும் சிறு வண்ணத்துப்பூச்சியின் புழு, தன் இனத்தார் பலரைப் போல இலை தின்னாது, மாவுப்பூச்சிகளையே தின்னும். அதுவும் வெள்ளைப் பொடி பூசிக்கொள்ளும். கூட்டுப்புழுவானபோது அதன் உருவம் குரங்கின் முகத்தை அச்சாக ஒத்திருக்கும். எங்கள் புழைக்கடைப் பப்பாளியில் அதனை முதன்முதற் கண்டபோது யான் வாய்விட்டுச் சிரித்தேன். படைப்பின் விகடங்களுள் இஃதொன்று.

மருந்து பகையை ஏன் கொல்லவில்லை என்று கேட்பார்க்கு விடை எளிது. தெளித்த நீர் மெழுகின்மேல் ஒட்டாது வழியும். பெண்பூச்சி நூற்றுக்கணக்கான முட்டைகளை ஒரு பஞ்சுப் பையினுள் இட்டு மூடிவைக்கும். நஞ்சு அதனுட் புகுதல் அரிது. ஏறத்தாழப் பத்து நாளில் அவை பொரிக்கும். தோட்டத்துப் பூச்சி இறந்தாலும் வரப்பிலுள்ள களைகளிலிருந்து குஞ்சுகள் காற்றில் மிதந்து வரும். எறும்புகளோ, மாவுப்பூச்சி கழிக்கும் இனிய நீரை விரும்பி, அதனை ஆநிரை காப்பார்போலக் காத்துப் பகையை அண்டவிடா. அவ்வினிய நீர் சொட்டிய இடத்திற் பூக்கும் பூஞ்சணமே என் பாட்டனார் கண்ட கரி. ஆகவே, கடைக்காரர் முதலிற் சொன்னது முற்றும் பொய்யன்று. பூஞ்சணம் இருந்தது, ஆனால் அது விளைவேயன்றிக் காரணமன்று. வண்டின் புழுவிற்கோ இக்காவல்களில் பெரும்பாலன இல்லை. வெளியே திரிவதும், இரை தேடி நஞ்சின்மேல் ஊர்வதும், நஞ்சுண்ட இரையைத் தின்பதும் அதற்கு இயல்பாதலின் அது முன்னே மடிந்தது. இங்கு ஓர் இலக்கண ஐயம். நஞ்சை ‘மருந்து’ என்று நாடெங்கும் வழங்குகின்றோமே, இது மங்கல வழக்கோ? அங்ஙனமாயின் இதனினும் கேடு விளைத்த மங்கலச் சொல் பிறிதொன்றில்லை. நோய் இன்னதென்று அறியாமுன் ஒருவரும் மருந்துண்ணார். பயிருக்கு மட்டும் அதனையே செய்கின்றோம்.

பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது குளவி. குளவி என்றதும் கொட்டும் குளவியை நினைத்தல் வேண்டா. இது ஒரு மில்லிமீட்டர் நீளமும் இல்லாத சிற்றுயிர், மனிதரைத் தீண்டாதது. மெக்சிகோ நாட்டில் இப்பூச்சியை அடக்கி வைத்திருந்தவை இத்தகைய ஒட்டுண்ணிக் குளவிகளே என அறிந்த அமெரிக்க வேளாண்மைத் துறையினர், போர்ட்டோரிக்கோவில் அவற்றை வளர்த்து வந்தனர். 2010ஆம் ஆண்டு சூலைத் திங்களில் மூவகைக் குளவிகள் அங்கிருந்து பெங்களூரில் உள்ள வேளாண் பூச்சிகளுக்கான தேசியப் பணியகத்திற்கு வந்து சேர்ந்தன. நம் நாட்டு நற்பூச்சிகட்கு அவற்றால் தீங்கில்லையென்று அடைப்பில் வைத்துச் சோதித்த பின்பு, அவ்வாண்டு அக்டோபரில் கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் அவை வெளியே விடப்பட்டன. மூன்றனுள் அசெரோபேகஸ் பப்பாயே என்பதே தலைமை எய்தியது. அது மாவுப்பூச்சியின் இளங்குஞ்சினுள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு உள்ளிருந்தே தின்னும். குஞ்சு உப்பிப் பழுப்பேறி ஒரு கூடாக மாறும். இரண்டு மூன்று வாரத்தில் அக்கூட்டில் வட்டத் துளையிட்டுப் புதுக்குளவி வெளிப்படும். ஓராண்டு நிறைவதற்குள் தமிழகத் தோட்டங்களில் அப்பெருங்கொள்ளை தணிந்தது. உழவர் செய்யவேண்டியிருந்தது ஒன்றே: நஞ்சு தெளிப்பதை நிறுத்துதல். அதுவே அவர்கட்கு மிக அரிதாயிருந்திருக்கும் என்பது என் எண்ணம். என் பாட்டனார் தோட்டத்தை வெட்டியதற்கும் குளவி வந்ததற்கும் இடையே ஓராண்டுகூட முழுமையாக இல்லை.

இக்குளவி பிற மாவுப்பூச்சிகளைப் பொருட்படுத்துவதில்லை. ஆதலின் பூச்சியின் பெயர் பிழைத்திருப்பின் குளவியும் பிழைத்திருக்கும். இஃது ஊகமன்று; ஆப்பிரிக்காவில் நிகழ்ந்தது. அக்கண்டத்தில் இருபது கோடி மக்கட்கு உணவாகிய மரவள்ளியை 1970களின் தொடக்கத்திற் காங்கோ நாட்டிற் புதியதொரு மாவுப்பூச்சி பற்றியது. மரவள்ளி தென்னமெரிக்கச் செடியாதலின் பூச்சியும் அங்கிருந்தே வந்திருக்குமெனக் கருதி அறிஞர் தேடினர். தென்னமெரிக்காவின் வடபகுதியில் அதனையொத்த பூச்சியையும் கண்டனர். அங்கிருந்து கொணர்ந்த குளவிகளோ ஆப்பிரிக்கப் பூச்சியைத் தொடவில்லை. கூர்ந்து நோக்கியபோது, வடபகுதிப் பூச்சியில் ஆணும் பெண்ணும் உண்டு, ஆப்பிரிக்கப் பூச்சியிற் பெண்ணே உண்டு என்பது தெரிந்தது. ஆகவே இரண்டும் வேறு. 1981இல் அந்தோனி பெல்லோட்டி என்பார் பராகுவே நாட்டில் உண்மைப் பூச்சியைக் கண்டார். அதன் குளவியாகிய அனாகைரஸ் லோபெசி அவ்வாண்டே நைஜீரியாவில் விடப்பட்டது, மரவள்ளி பிழைத்தது. இப்பெருமுயற்சிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரன் 1995இல் உலக உணவுப் பரிசு பெற்றார். அம்மாவுப்பூச்சியே 2020இல் கேரளத்துத் திருச்சூரில் தோன்றிச் சேலம், நாமக்கல் மரவள்ளிக் காடுகளுக்கும் பரவியது. இம்முறை பெயர் அறிதலில் தடுமாற்றம் இல்லை. பெனின் நாட்டிலிருந்து வரவழைத்த அதே குளவி 2022 மார்ச்சுத் திங்களிற் சேலம் மாவட்டத்து ஏத்தாப்பூரில் விடப்பட்டது.

பெயர் பிழைத்தமைக்கு நம் சென்னையும் ஒரு பழஞ்சான்று தருகின்றது. நாம் இரயிலில் நாள்தோறும் கடந்து செல்லும் சைதாப்பேட்டையில், கும்பினியாரின் மருத்துவராயிருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் 1780களில் கள்ளித்தோட்டம் ஒன்றை வைத்தார். மெக்சிகோ நாட்டுக் கள்ளியில் வாழும் கொச்சினீல் என்னும் பூச்சியிலிருந்து எடுக்கும் செஞ்சாயம் அந்நாளிற் பொன்விலை பெற்றது. அதனை ஈண்டு வளர்த்துப் பொருளீட்டுவது கும்பினியின் எண்ணம். 1795இல் பிரேசில் நாட்டிலிருந்து கப்பற் றலைவர் ஒருவர் கொணர்ந்த பூச்சி சென்னைக்கும் வந்தது. வந்ததோ நற்சாயந் தரும் கொச்சினீல் அன்று, அதன் காட்டுச் சுற்றத்தது. சாயம் இழிந்தது, ஆனால் பூச்சி பெருகி, நாட்டிற் களையாய் மண்டியிருந்த கள்ளியைத் தின்று அழித்தது. பூச்சியைக் கொண்டு களையை ஒழித்த முதல் நிகழ்ச்சியென நூலார் இதனைப் போற்றுவர். பின்னும், 1926இல் இலங்கையிலிருந்து மற்றொரு கொச்சினீல் வரவழைக்கப்பட்டுச் சப்பாத்திக்கள்ளி அடங்கியது. கொங்கு நாட்டில் மாவுப்பூச்சியைக் ‘கள்ளிப்பூச்சி’ என்று வழங்குதல் கேட்டிருக்கின்றேன். கள்ளியில் அப்பிக்கிடந்த வெண்பூச்சியைக் கண்ட தலைமுறையே அப்பெயரைத் தந்திருக்கும் என்பது என் துணிபு.

நம் உழவர் பூச்சிக்குப் பெயரிடும் திறம் சிறிதன்று. நெற்குருத்து வெண்கொம்பு போல நீண்டு நிற்றலால் ‘ஆனைக்கொம்பன்’. வயல் புகைந்து கருகினாற்போலத் தோன்றுதலால் ‘புகையான்’. இலையைச் சுருட்டுவது ‘சுருட்டுப்புழு’. இவற்றுள் முன்னிரண்டும் பூச்சியின் பெயரல்ல, பூச்சி செய்த கேட்டின் பெயர். கேட்டைக் கண்டவுடன் தெரிந்துகொள்ளப் பயன்படும் அப்பெயர், கேடு தோன்றாமுன் பூச்சியை அடையாளங் காட்டாது. எறும்பை மூவறிவுயிரென்றும் தும்பியை நான்கறிவுயிரென்றும் பகுத்த தொல்காப்பிய மரபினர்க்கு ஈதொன்று எஞ்சிநின்றது வியப்பே. ஒரே உயிர் முட்டை, புழு, கூடு, வண்டு என வேடம் மாறுதலும் பெயரறிவோர்க்குப் பெருந்தொல்லை. யோவேல் தீர்க்கதரிசியின் நூலில் அடுக்கி வரும் நான்கு அழிபூச்சிகள் நான்கு இனமோ, ஓரினத்தின் நான்கு பருவமோ என இன்றும் உரைகாரர் மாறுபடுவர்.

எங்கள் பக்கத்து நெல்வயல்களுக்கு இது மிகவும் பொருந்தும். புகையானுக்கு நஞ்சு தெளிக்கலாமா என்பதற்கு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தார் ஓர் எல்லை வகுத்திருக்கின்றனர். தூர் ஒன்றுக்கு ஒரு பூச்சி இருப்பின் தெளிக்கலாம். ஆனால் குத்துக்கு ஒரு சிலந்தி இருக்குமாயின், தூருக்கு இரண்டு பூச்சி வரும்வரை பொறுக்கலாம். சிலந்தியையும் எண்ணச் சொன்ன இவ்வாணை எனக்கு மிகவும் பிடித்தது. எண்ணாமல் தெளிப்பவர் சிலந்தியைக் கொன்று, புகையானை முன்னினும் பெருகச் செய்வர். பைரித்ராய்டு வகை நஞ்சுகள் இதிற் பேர்போனவை.

குளவியும் வண்டும் எல்லாத் துன்பத்தையும் தீர்க்கும் என்று கூறினேனாகக் கொள்ளற்க. கத்தரியின் தண்டிலும் காயிலும் துளைக்கும் புழு, பொரித்த சின்னேரத்திலேயே உட்புகுந்து மறைந்துவிடும். அங்கு இயற்கைப் பகைகளை மட்டும் நம்பியிருப்பவர் காயை இழப்பர். வாடிய நுனித்தண்டைக் கிள்ளி அழிப்பதும், துளைபட்ட காயைக் குப்பையில் எறியாது புதைப்பதும், ஆண் அந்துப்பூச்சியை மணத்தால் ஈர்க்கும் பொறிகளை வைப்பதும் வேண்டும். இவற்றின்பின் எல்லை மீறினால் ஏற்ற நஞ்சும் வேண்டும். மாவுப்பூச்சிக்கும் தொடக்கத்தில் கைவேலையே மேல்: பற்றிய கிளையை வெட்டி எரித்தல், வரப்புக் களையை நீக்குதல், எறும்பு ஏறாதபடி தடுத்தல், நீரை விசையாகப் பீய்ச்சி அடித்தல். ஐயம் உண்டாயின், செடியின் பகுதியோடு பூச்சியையும் ஒரு பையிலிட்டு எங்கள் மாவட்டத்தார் திரூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தை அடுத்த வேளாண் அறிவியல் நிலையத்திற் காட்டலாம். பையை இறுகக் கட்டுதல் முதன்மை. அவிழ்ந்த பையே புதிய ஊருக்குப் பூச்சியைக் கொண்டுபோகும்.

என் பாட்டனார் குத்தகைக்கு எடுத்திருந்த நிலத்தில் இன்று வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. எங்கள் புழைக்கடையிலோ தானே முளைத்த பப்பாளி ஒன்றுண்டு. சென்ற கோடை விடுமுறையில் அதன் இலையடியில் வெண்பஞ்சு கண்டேன். விலங்கியல் துறையிலிருந்து இரவல் பெற்ற கைக்கண்ணாடியால் நோக்கினபோது, மஞ்சள் உடலும் குட்டையிழையும் தெளிவாய் விளங்கின. ஆனால் அவற்றினிடையே பழுப்பேறி உப்பிய கூடுகள் பல. பெரும்பாலானவற்றில் குண்டூசி முனையளவு துளை. பாட்டனாரை அழைத்துக் காட்டினேன். எண்பதைக் கடந்த அவர் கண்ணாடியை நெடுநேரம் பிடித்திருந்து, “இந்தத் துளை வழியாகத்தான் போயிற்றா?” என்றார். ஆம் என்றேன். “நம் தோட்டத்துக்கு அப்போது வரவில்லையே” என்றார். அப்பால் அக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுச் செம்பருத்தியைப் பார்க்கச் சென்றார். திங்கட்கிழமை திருப்பித் தருவதாகத் துறையினரிடம் சொல்லி வாங்கிய பொருள் அது. இன்னும் என் கைக்கு வந்து சேரவில்லை.